அறுநூற்றுப் பன்னிரண்டு மாப்பிள்ளைகள்

முப்பத்துநான்கு வயது, எண்பத்திரண்டு கிலோ, மூக்குக்கு மேல் கோபம். இத்தனையும் உள்ள என்னைத்தான் மக்கள்தொகைக் கணக்கில் காணவில்லை. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்தக் கணக்கெடுப்புக்குக் கேள்வி எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

என் பெயர் உவைஸ். சென்னையில் குடிமக்கள் முன்கணிப்புத் துறையில் பொறியாளன். வாரத்தில் மூன்று நாள் அங்கே, மிச்ச நாள் ஊரில். ஊர் என்றால் ஓடக்கரைப்பட்டினம். பழைய பட்டினத்தைக் கடல் விழுங்கி நாற்பது வருடம் ஆகிறது. அதே இடத்துக்கு மேலே பன்னிரண்டு நங்கூரம் போட்ட ஒரு மிதவையில் இப்போது நாங்கள் இருக்கிறோம். பள்ளிவாசல், பள்ளிக்கூடம், எழுநூறு வீடு, தெருவுக்குத் தெரு வாய்ச்சண்டை, ஒன்றுக்கும் குறைவில்லை. கடல் ஏறி வந்தபோது மற்ற ஊர்க்காரர்கள் மேட்டுக்குப் போனார்கள். நாங்கள் நகரவில்லை. அந்தத் திமிர் இன்னும் எங்களுக்கு இறங்கவில்லை. இறங்கவும் வேண்டாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எங்கள் இயக்குநர் பொற்கொடி மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். சுவர்த்திரையில் ஒரு கோடு மேலேயிருந்து சரிந்து சரிந்து வந்து தரையைத் தொட்டு நின்றது.

"உங்க ஊர்தான் உவைஸ். உட்காருங்க. சொல்றதுக்கே சங்கடமா இருக்கு."

"என்ன மேடம் இது, இப்படி விழுது?"

"போன கணக்குல மூவாயிரத்துச் சொச்சம் பேர். இந்தத் தடவை ரெண்டாயிரத்து நானூத்துத் தொண்ணூத்தாறு. இருபதுலேருந்து நாப்பத்தஞ்சு வயசுக்குள்ள ஆம்பளைங்க அறுநூத்துப் பன்னெண்டு பேரைக் காணோம். அப்பாக்கள் இல்லாத ஊர்ல குழந்தை எப்படிப் பொறக்கும்? இன்னும் முப்பத்தெட்டு வருஷத்துல உங்க சமூகமே இருக்காதுன்னு மெஷின் சொல்லுது."

"அத்தனை பேரும் எங்கே போனாங்களாம்?"

"வெளிநாடு போயிருக்கலாம்னு ஊகிக்குது." அவர் குரலைத் தாழ்த்தினார். "சட்டம் உங்களுக்கே தெரியும். மூவாயிரத்துக்குக் கீழே போனா தனி மிதவை கிடையாது. கலைப்பு ஆணை தயாராகுது. வீடு வீடாப் பிரிச்சு ஏழு நகரத்துக்கு அனுப்புவாங்க. அடுத்த புதன் மத்தியானம் வரைக்கும்தான் திருத்த நேரம்."

இடத்துக்கு வந்து என் மனைவி வீட்டுப் பதிவைத் திறந்தேன். மாமி, என் மனைவி லரீபா, அவள் தங்கை, என் மகள். நான் இல்லை. சரி, என்னை உம்மா வீட்டில் சேர்த்திருப்பார்கள் என்று அதைத் திறந்தேன். பெண், வயது அறுபத்தொன்று. அவ்வளவுதான். ஒற்றை ஆள்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எங்கள் ஊரில் கல்யாணமான ஆண் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். ஆனால் எத்தனை வருடம் ஆனாலும் அங்கே அவன் மாப்பிள்ளை, அதாவது மரியாதைக்குரிய விருந்தாளி. காலைப் பசியாற உம்மா வீட்டுக்கு வந்துவிடுவான். இரண்டு வீடும் இரண்டு தெரு தள்ளி இருப்பதால் எந்தச் சிக்கலும் இல்லை. முன்பெல்லாம் காசிம் வாத்தியார் நோட்டோடு வந்து கணக்கெடுப்பார். அவருக்கு இதெல்லாம் அத்துப்படி, கேட்காமலே எழுதிக்கொள்வார். இந்தத் தடவை வாத்தியாருக்குப் பதிலாக ஒவ்வொரு வாசலிலும் ஒரு பேசும் பெட்டி வைத்தோம். ஊர்க்காரர்கள் அதற்குக் 'கணக்கப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டு, "இந்த வீட்டைச் சேர்ந்தவர்கள் யார்? ஆணா, பெண்ணா? வயது என்ன?" என்று கேட்கும். பெயர் கேட்காது, அடையாள எண் கேட்காது. பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்களைத் தேடிப் போன காலம் ஒன்று இருந்தது, அதனால் சட்டமே அப்படி. வாயால் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை.

பிள்ளையைப் பெற்றவள், "அவன் அந்த வீட்டு ஆள்" என்றிருக்கிறாள். பெண்ணைப் பெற்றவள், "அவர் எங்கள் மாப்பிள்ளை, விருந்தாளி" என்றிருக்கிறாள். அறுநூற்றுப் பன்னிரண்டு ஆண்களும் நடுத்தெருவில் நிற்கிறோம்.

"மேடம், நானே திருத்திடவா?" என்று ஓடினேன்.

"நீங்க தொட்டீங்கன்னா, 'தன் சனத்துக்கு எண்ணிக்கையை ஏத்திட்டான்'னு நாளைக்கே பேசுவாங்க. வீட்டுக்காரங்க வாயால மாத்தட்டும். ஊருக்குப் போங்க."

மறுநாள் காலை உம்மா வீட்டில் போய் உட்கார்ந்தேன். உம்மா ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு நான் ஒரே பிள்ளை, வாப்பா மவுத்தாகி, அதாவது இறந்துபோய், பன்னிரண்டு வருடம்.

"உம்மா, கணக்கப்பிள்ளை கேட்டப்ப என்னய ஏன் சொல்லல?"

"ஒன்னய எதுக்குச் சொல்லணும்? நீதான் அந்த வீட்டு ஆளாச்சே."

"அங்கயும் சொல்லலம்மா."

"சொல்லிருப்பாக. நல்ல எடத்து மனுசி அவுக."

"நான் கண்ணால பாத்தேன். எங்கயும் நான் இல்ல. ஊரையே கலைக்கப் போறாக. ஒரு வார்த்தை சொல்லு, 'எம் புள்ள எங்க வீட்டு ஆளு'ன்னு."

உம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "எட்டு வருசத்துக்கு முன்ன, பந்தல்ல ஊரு பாக்க ஒன்ன அந்த வீட்டுக்குக் குடுத்தேன். குடுத்தத இப்ப என்னுதுன்னு ஒரு பெட்டிகிட்டப் போய்ச் சொல்லவா? அந்த மனுசி காதுல விழுந்தா என்ன நெனைப்பாக? எனக்கு நாக்கு கூசும்லே."

"ஊரு கலைஞ்சிரும்மா!"

"கத்தாதே. மானத்த வித்து ஊரக் காப்பாத்துனா, அது எந்த ஊருலே?"

இந்தப் பெருமைக்காரியிடம் என்ன பேசுவது? அங்கிருந்து மாமி வீட்டுக்குப் போனேன். எங்கள் மாமி எட்டு வருடமாக என்னிடம் நேரே ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுவும் மரியாதைதான். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று மகளிடம் சொல்வார், மகள் பக்கத்திலேயே நிற்கும் என்னிடம் சொல்ல வேண்டும்.

"லரீபா, மாப்பிள்ளகிட்டச் சொல்லு. விருந்தாளிக்கு யாராச்சும் தலை எண்ணுவாகளா?"

"உம்மா, அவுகளுக்குக் காது நல்லாத்தான் கேக்குது," என்றாள் லரீபா.

"நீ சொல்லுடி. பெத்தவுகளுக்கு ஒத்தப் புள்ள. அதையும் எங்க பேருல எழுதிக்கிட்டோம்னு நாளைக்கி ஒரு சொல்லு வரலாமா? ஊரு போனா வேற ஊரு. சொல்லு வந்தா போகுமா?"

நான் தலையில் கை வைத்தேன். லரீபா சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போது ஏழு மாதம். மிதவையின் நங்கூரப் பொறியாளர் அவள்தான். காலமான அவள் வாப்பா இறக்கிய பன்னிரண்டு நங்கூரமும் இப்போது அவள் பொறுப்பு.

"ஏங்க, கலைப்பு ஆணை வந்தா அந்தச் சங்கிலியெல்லாம் அவுக்கப் போறது யாருன்னு நெனைச்சிய?" என்று கேட்டாள். "நான்தான். எங்க வாப்பா கட்டுனத எங் கையாலயே அவுக்கணும். அப்புறம் நாங்க மதுரைக்கோ ஓசூருக்கோ போவோம். ஒங்க உம்மா வேற எங்கயோ போவாக. நீங்க எங்க போவிய? எந்த வீட்டுலயும் இல்லாத ஆளுக்கு எந்த ஊருல எடம் ஒதுக்குவாக?"

வெள்ளிக்கிழமை வரை வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் இதே கதை. தலையால் தண்ணீர் குடித்தும் ஒருத்தரும் மசியவில்லை. கடைசியில் பள்ளிவாசல் தலைவரிடம் முறையிட்டேன். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அவர் ஒலிபெருக்கியில் சுருக்கமாகச் சொன்னார்: "தாய்மார்களே, ஊர் உங்கள் நாக்கில் நிற்கிறது. உங்கள் ஆண்களைச் சொல்லுங்கள்."

சனிக்கிழமை சாயங்காலம் எண்ணிக்கையைப் பார்த்தேன். மூவாயிரத்து எழுநூற்றிருபது.

கூட்டிக் கழித்துப் பார்த்தேன், எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த வீட்டில் சொல்ல மாட்டார்கள், ஊருக்காக நாம்தான் வெட்கத்தை விட வேண்டும் என்று பெற்றவள் சொல்லியிருக்கிறாள். அதே எண்ணத்தில் மாமியாரும் சொல்லியிருக்கிறாள். ஒரு வாரம் முன்பு எங்குமே இல்லாதவன் இப்போது இரண்டு பேர். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இரண்டு பெண்கள் தங்கள் மானத்தை முழுங்கி என்னைத் தங்கள் ஆள் என்று சொல்லியிருக்கிறார்கள். எந்த மகாராஜாவுக்கு இது கிடைக்கும்?

அந்த நிறைவு ஞாயிறு காலை வரை இருந்தது. தொலைக்காட்சியைத் திறந்தால், போன வாரம் 'மறையும் பட்டினம்' என்று எங்களுக்காகக் கண்கலங்கிய அதே அம்மையார், "ஒரே வாரத்தில் நாற்பத்தொன்பது சதவீதம் பெருகிய சமூகம்! பின்னணி என்ன?" என்று முழங்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து எங்கள் பிறப்பு விகிதத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். அவர்கள் இருவரும் ஓடக்கரைப்பட்டினத்தை வரைபடத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பொற்கொடி மேடம் அழைத்தார். "என்னய்யா நடக்குது அங்கே? வெளியிலேருந்து ஆள் இறக்கிட்டாங்களான்னு மேலேருந்து கேக்குறாங்க. பெருக்கத் தடுப்புன்னு ஒரு கோப்பே தொறந்தாச்சு."

"மேடம், போன வாரம் எங்களைப் பாவம்னீங்க. இந்த வாரம் ஆபத்துங்கிறீங்க. நாங்க அதே ஆளுங்கதான்."

"எனக்குப் புரியுது. மெஷினுக்குப் புரியணுமே?"

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. குறைந்தால் பரிதாபம், கூடினால் பயம். நாங்கள் இருக்கிற அளவுக்கு இருக்கிறோம் என்று சொன்னால் மட்டும் ஒருத்தருக்கும் நம்பிக்கை வராது. ஆனாலும் நான் கணக்குக்காரன். இரட்டிப்பாக நிற்கிற எண்ணை வைத்துக்கொண்டு வாதாட எனக்கு வாய் வராது. அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் இரண்டு வீட்டில் பதிவாகியிருக்கிறார்கள் என்று உண்மையைச் சொன்னேன். புதன் மத்தியானத்துக்குள் ஒரு வீட்டில் நீக்கிவிடுங்கள், அதோடு முடிந்தது, அடுத்த கணக்கு பத்து வருடம் கழித்துத்தான் என்றார் மேடம்.

இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். எந்த வீட்டில் நீக்குவது என்று நானே முடிவு செய்து அறிவித்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, "இரண்டு வீட்டில் யாராவது ஒருவர் விட்டுக்கொடுங்கள்" என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டேன். விட்டுக்கொடுப்பதில் அடுத்த வீட்டை ஜெயிக்க விடாத ஊரில் சொல்லக்கூடாத வார்த்தை அது. ஐயோ, அடுத்த வீட்டு உரிமையைப் பிடுங்கிவிட்டோமே என்று அதுவரை குமைந்துகொண்டிருந்தவர்கள், இரண்டு வீட்டிலும் முந்திக்கொண்டு பெட்டியிடம் ஓடி நீக்கச் சொன்னார்கள்.

திங்கள் சாயங்காலம் எண்ணிக்கை மறுபடியும் இரண்டாயிரத்து நானூற்றுச் சொச்சம்.

"உவைஸ்," என்றார் மேடம், "உங்க ஊர்க்காரங்க எங்க மெஷினை வச்சு விளையாடுறாங்களா?"

"இல்ல மேடம். மரியாதை செய்யுறாங்க."

செவ்வாய்க்கிழமை முழுக்க மறுபடியும் வாசல் வாசலாக அலைந்தேன். "அவுக சொல்லட்டும்." "முதல்ல அவுக சொல்லட்டும்." தொண்டை கட்டியதுதான் மிச்சம். புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் கலைப்பு ஆணையின் நகல், பின்னால் கணக்கெடுப்பு விதிப்புத்தகமும் சேர்த்து, லரீபாவின் கைக்கு வந்தது. நங்கூரப் பொறியாளர் ஒப்பம் இட வேண்டிய இடம் காலியாக இருந்தது. சங்கிலிக்கு மசகு போட்டுவிட்டு வந்த கையோடு அதைப் படித்தாள். படித்துவிட்டு, வயிற்றைத் தாங்கியபடி வாசலில் இருந்த பெட்டி முன்னால் போய் நின்றாள்.

"வணக்கம்," என்றது பெட்டி. "வீட்டுப் பெரியவர் பேசவும்."

"இத்தன நாளா பெரியவுகதான் பேசுனாக," என்றாள் லரீபா. "ஒங்க விதிப்புத்தகத்துல பதினாலாவது விதி என்ன சொல்லுது?"

"பெரியவர் சொல்லில் குழப்பம் இருந்தால், வீட்டுப் பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவர் சொல் இறுதியானது."

நான் எழுதிய விதிதான் அது. வாடகைத் தகராறுகளுக்காக எழுதி வைத்தேன், அதோடு மறந்தும் போனேன். எங்கள் ஊரில் கல்யாணத்தன்று வீட்டை மகள் பேருக்குத்தான் எழுதுவார்கள். எழுநூறு வீடும் பெண்கள் பேரில். பெரியவர்கள் இருக்கும்போது நாம் பேசலாமா என்று அந்தப் பெண்கள் சும்மா இருந்தார்கள். ஆண்கள் நாங்களும் அவர்களைக் கேட்கவில்லை. ஒரு வாரமாக ஊரெல்லாம் அலைந்த மேதாவி, சொந்தப் பெண்டாட்டியைக் கேட்கவில்லை.

லரீபா மசகுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பெருவிரலைப் பெட்டியில் வைத்தாள்.

"பத்திரதாரர் பேசலாம். இந்த வீட்டைச் சேர்ந்தவர்கள் யார்?"

"எங்க உம்மா. என் தங்கச்சி. என் மவ. நான். அப்புறம் ஒரு ஆம்பள, முப்பத்திநாலு வயசு. விருந்தாளி இல்ல. என் புருசன். இவுகள யாரும் எனக்கு விட்டுக்குடுக்க வேணாம், நானும் யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன். எழுதிக்கோ."

"பதிவு செய்யப்பட்டது."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. மாமி அங்கேதான் நின்றிருக்கிறார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கதவு திறந்தது. எட்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"மாப்பிள்ள, வெயில்ல நிக்காதிய. உள்ள வாங்க," என்றார் நேராக என்னிடம்.

லரீபா அதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள். "ஏ ஜைனம்பு! ஏ ருக்கி! எல்லாரும் பெட்டிகிட்ட வாங்கடி! வீடு ஒங்க பேருல, புருசன் ஒங்க புருசன், பேசுறதுக்கு மட்டும் வேற ஆளா?" என்று அவள் போட்ட சத்தம் கடலுக்கே கேட்டிருக்கும். கதவு கதவாகத் திறந்தது. கையில் மாவோடு வந்தவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர்கள், பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவர்கள் எல்லாரும் பெட்டியில் விரல் வைத்து ஒரே பேச்சைச் சொன்னார்கள். "ஆம்பள ஒண்ணு. என் புருசன். எழுதிக்கோ." நான் தெருமுனையில் நின்று கேட்டேன். அழுதேன், அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? பன்னிரண்டு நங்கூரமும் தாங்காத ஒரு ஊரை இந்தக் குரல்கள் தாங்கிக்கொண்டிருந்தன.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மேடம் அழைத்தார். "கோடு நேராயிடுச்சு உவைஸ். நூறு வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல, நேராப் போகுது. டி.வி.காரங்களுக்குச் சொன்னேன், 'அவ்வளவுதானா?'ன்னு போனை வச்சுட்டாங்க."

"அவ்வளவுதான் மேடம். அதுதான் நாங்க."

"ஆணை ரத்து. உங்க மனைவிகிட்டச் சொல்லுங்க, சங்கிலியைத் தொட வேணாம்னு. மொத்தம் மூவாயிரத்து நூத்தி ஒன்பது."

நான் நின்றுவிட்டேன். இரண்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றாறும் அறுநூற்றுப் பன்னிரண்டும் சேர்ந்தால் மூவாயிரத்து நூற்றெட்டு. ஒரு ஆள் அதிகம். இந்த வாரம் ஊரில் குழந்தை எதுவும் பிறக்கவில்லை, அதுவும் எனக்குத் தெரியும். மேடத்தை அழைப்பிலேயே நிறுத்தி வைத்துவிட்டு வீடு வீடாகப் பதிவுகளைத் தள்ளிப் பார்த்தேன். எல்லா உம்மாமார்களும் திங்கள்கிழமையே நீக்கியிருந்தார்கள். ஒரு வீட்டைத் தவிர. பெண், வயது அறுபத்தொன்று. ஆண், வயது முப்பத்துநான்கு.

"மேடம், ஒரு ஆள் கூட இருக்கு."

"யாரு?"

"நான்தான்."

"மணி பன்னெண்டு அடிச்சிருச்சு," என்றார் மேடம். "பிழைக் குறிப்புல ஒண்ணுன்னு எழுதி வைக்கிறேன். பேர் கேட்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கே."

மறுநாள் காலை உம்மா வீட்டுக்குப் போனேன். உம்மா என்னை நிமிர்ந்து பார்க்காமல் ஆப்பச்சட்டியைத் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார்.

"உம்மா, நீ எடுக்கலையா?"

"எதை?"

"எல்லாரும் திங்கக்கெழமை போய் எடுத்துட்டாக. ஒன் வீட்டுல மட்டும் நான் இருக்கேன்."

"எடுக்கத்தான் போனேன்லே. அந்தப் பெட்டி முன்னால ரொம்ப நேரம் நின்னேன். 'இந்த வீட்டைச் சேர்ந்தவர் யார்'னு அது கேட்டுச்சு. நான் ஒத்த ஆளுன்னு சொல்லணும். அவ்வளவுதான் சொல்லணும்." உம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "வாய் வரல."

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"தப்புதானே? ஒன் வேலைக்கு ஏதும் வருமா?"

"வராதும்மா. ஆனா பத்து வருசத்துக்கு மாத்த முடியாது. அது வரைக்கும் நான் ரெண்டு பேரு."

"அப்ப பத்து வருசம் கழிச்சு எடுத்துக்கலாம்," என்று உம்மா என் தட்டில் இரண்டு ஆப்பத்தை வைத்தார். "இப்ப பசியாறு."